உக்கிராணச் சாவி வைத்திருந்தவர்

வங்கதேசம் பிறந்த 1971 போரில், துப்பாக்கி தூக்காமல் போரிட்ட ஒரு ராணுவ அதிகாரியின் கதை

1971 டிசம்பர் 16. டாக்காவின் தேஜ்காவ் விமான நிலையத்தில் ஒரு இந்திய ஹெலிகாப்டர் இறங்கியது. ஓடுபாதையில் குண்டுகள் தோண்டிய பள்ளங்கள். ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியவர் மேஜர் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப். கூட்டிப்போகக் காத்திருந்தவர் பாகிஸ்தான் ராணுவத்தின் பிரிகேடியர் பாகர் சித்திக்கி. ஒருவர் வென்ற பக்கம், ஒருவர் தோற்ற பக்கம். ஆனால் இருவருக்கும் வேலை ஒன்றுதான். இருவரும் தத்தம் ராணுவத்தின் ஈஸ்டர்ன் கமாண்டுக்குச் சீஃப் ஆஃப் ஸ்டாஃப்.

அந்தச் சந்திப்பை என்னால் மறக்க முடிவதில்லை. மாதக்கணக்கில் ஒரே வரைபடத்தை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும், எந்த ஆற்றில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று இருவருமே மனப்பாடமாக வைத்திருந்திருப்பார்கள். அன்று ஒரே காரில் ஏறினார்கள். வழியில் வங்கதேச விடுதலைப் படையான முக்தி பாஹினியின் போராளிகள் அந்தக் காரை நோக்கிச் சுட்டார்கள். தன்னை அடையாளம் காட்டிக்கொண்டு ஜேக்கப் அதைக் கடக்க வேண்டியிருந்தது. அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. கையில் இருந்தது தட்டச்சு செய்த ஒரு தாள்.

போர்க் கதை என்றால் டாங்கியும் துப்பாக்கியும் முன்னால் நிற்கும். படையை நடத்திய தளபதியின் பெயர் தெருவுக்கு வைக்கப்படும். தளபதிக்குப் பின்னால் மேசையில் உட்கார்ந்து, லாரிகளை எண்ணி, ரயில் பெட்டிகளை எண்ணி, பாலத்துக்கான இரும்பு வந்து சேர்ந்ததா என்று நள்ளிரவில் போன் போட்டுக் கேட்டவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நம் ஊர்க் கல்யாணத்தில் உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிற ஒரு மாமா இருப்பார். தாலி கட்டும் நேரத்தில் அவர் மேடையில் இருக்க மாட்டார். ஆனால் மூன்றாம் பந்திக்குச் சோறு இருக்கிறதா என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ராணுவத்தில் ஸ்டாஃப் ஆபீசர் என்பவர் அந்த மாமாதான்.

இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிற கல்லூரி நம் தமிழ்நாட்டில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனவர்கள் குன்னூரைத் தாண்டியதும் வெலிங்டன் என்ற சின்ன ரயில் நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கேதான் முப்படை அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் கல்லூரி இருக்கிறது. பிரிவினைக்கு முன் குவெட்டாவில் இருந்த கல்லூரி பாகிஸ்தானுக்குப் போய்விட, 1947-ல் இந்தியாவுக்கென்று இங்கே தொடங்கப்பட்டது. அதன் சின்னம் ஆந்தை. நமக்கு ஆந்தை அலறினால் அபசகுனம். அவர்களுக்கு அது அறிவின் அடையாளம். இரவில் விழித்திருக்கும் பறவை என்று எடுத்துக்கொண்டாலும் பொருத்தம்தான், ஏனென்றால் ஸ்டாஃப் ஆபீசரின் வேலை பெரும்பாலும் மற்றவர்கள் தூங்கும்போதுதான் நடக்கிறது.

ஜேக்கப்பின் முழுப்பெயர் ஜாக் ஃபர்ஜ் ரஃபேல் ஜேக்கப். பாக்தாத்திலிருந்து வணிகம் செய்ய வந்து கல்கத்தாவில் வேரூன்றிய யூதக் குடும்பம். குர்சியாங் மலையில் பள்ளிப் படிப்பு. ஐரோப்பாவில் யூதர்களுக்கு நாஜிகள் செய்த கொடுமைகள் காதில் விழ விழ, அப்பாவின் விருப்பத்தை மீறி பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்தார். பீரங்கிப் படை அதிகாரியாக இராக், பர்மா, சுமத்ரா என்று இரண்டாம் உலகப் போர் அவரை இழுத்துக்கொண்டு போனது. பர்மாவில் காயமும் பட்டார். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்திய ராணுவத்திலேயே தங்கினார். 1965 போரின்போது ராஜஸ்தானில் படைத் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பாலைவனப் போர்முறை பற்றிய கையேடு ஒன்றையும் எழுதினார். 1969-ல் கல்கத்தாவுக்கு, தான் பிறந்த ஊருக்கே, ஈஸ்டர்ன் கமாண்டின் சீஃப் ஆஃப் ஸ்டாஃபாக வந்து சேர்ந்தார். அலுவலகம் ஹூக்ளிக் கரையில், வில்லியம் கோட்டையில்.

கமாண்டின் தலைவர் லெப்டினென்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா. டெல்லியில் ராணுவத் தலைமைத் தளபதி சாம் மானெக்‌ஷா. இந்த இருவருக்கும் நடுவில் ஜேக்கப். ஸ்டாஃப் ஆபீசர் பதவியின் சங்கடமே இதுதான். தன் பெயரில் ஒரு கட்டளையும் போட முடியாது. எல்லாம் தளபதியின் பெயரில்தான் போகும். ஆனால் கட்டளை நிறைவேறாமல் போனால், ஏன் போனது என்று கேட்கப்படுவது அவரைத்தான்.

1971 மார்ச் 25 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகர் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சொந்தக் குடிமக்கள் மீதே பாய்ந்தது. பல்கலைக்கழக விடுதிகளில், சேரிகளில், காவலர் குடியிருப்பில் பிணங்கள் விழுந்தன. அதற்குப் பிறகு எல்லையைத் தாண்டி வந்த ஜனக்கூட்டம் நிற்கவே இல்லை. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள். மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், மேகாலயா எங்கும் கூடாரங்கள். கல்கத்தாவின் சால்ட் லேக்கில், கட்டடம் எழும்பாத வெட்டவெளியில், பிரம்மாண்டமான சாக்கடைக் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. அடித்துப் பெய்த மழையும் காலராவும் சேர்ந்துகொண்டன. உடனே படையை அனுப்பு என்று நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் குரல் எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது.

ஏப்ரலில் டெல்லியிலிருந்து கல்கத்தாவுக்குக் கேள்வி வந்தது: இப்போதே உள்ளே போக முடியுமா? முடியாது என்று ஜேக்கப் பதில் சொன்னதாக அவருடைய நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. நவம்பர் 15-க்கு முன்னால் முடியாது என்று தேதியும் குறித்தாராம். மானெக்‌ஷாவும் பிரதமர் இந்திரா காந்தியிடம் அதையே தன் பாணியில் சொன்னார். அந்தக் கதை மானெக்‌ஷாவின் புகழோடு ஒட்டிக்கொண்டு பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அவர் ஓய்வுக் காலத்தைக் கழித்த குன்னூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த “முடியாது” என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் ஸ்டாஃப் வேலை என்னவென்று புரியும்.

முதலில் ஆறுகள். கிழக்கு வங்கம் என்பது நிலம் என்பதைவிடத் தண்ணீர் என்பதே பொருத்தம். பத்மா, ஜமுனா, மேக்னா என்று மூன்று பெருநதிகள் அந்த நாட்டைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. நம் காவிரியை நினைத்துக்கொண்டு அந்த ஆறுகளைக் கற்பனை செய்யக்கூடாது. மழைக்காலத்தில் இக்கரையில் நின்றால் அக்கரை தெரியாது. ஜமுனாவுக்கு அன்று ஒரு பாலம்கூடக் கிடையாது. மே மாதம் தொடங்கிவிட்டால் வயல்கள் ஏரியாகும், டாங்கி சேற்றில் அமிழும், சாலையை விட்டு இறங்கிய படை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது படைகள். ஈஸ்டர்ன் கமாண்டிடம் இருந்தவை பெரும்பாலும் மலைப் போருக்கான டிவிஷன்கள். 1962-ல் சீனாவிடம் பட்ட அடிக்குப் பிறகு இமயத்துக்காக எழுப்பப்பட்டவை. அவற்றிடம் கனரக வண்டிகள் குறைவு, ஆறு கடக்கும் பாலச் சாமான் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. போதாததற்கு, அவற்றை மலையிலிருந்து கீழே இறக்கினால் சீனா என்ன செய்யும் என்ற கவலை. நவம்பருக்குப் பிறகு கணவாய்களைப் பனி மூடிவிடும், அப்போது ஓரளவு துணிந்து இறக்கலாம். ஆகவே நவம்பர் என்ற கணக்கு சும்மா வந்ததில்லை. கீழே சேறு காய வேண்டும், மேலே பனி உறைய வேண்டும். இரண்டும் கூடிவரும் நாள் அது.

மிஞ்சியிருந்தது ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில்தான் போர் வெல்லப்பட்டது என்று நான் நம்புகிறேன். டிசம்பரில் நடந்தது அறுவடை.

திரிபுராவை எடுத்துக்கொள்ளுங்கள். அகர்தலா நகரம் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கிழக்கிலிருந்து டாக்காவை நெருங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்கு நேர்வழி கிழக்குப் பாகிஸ்தானின் ஊடே போகிறது. இந்திய மண்ணிலேயே போக வேண்டுமானால் வடக்கே சிலிகுரியின் ஒடுங்கிய கழுத்து வழியாக ஏறி, அசாமைச் சுற்றி, மறுபடி தெற்கே இறங்க வேண்டும். 1,500 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் அகலப்பாதை ரயிலிலிருந்து மீட்டர்பாதை ரயிலுக்குச் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். மீட்டர்பாதையும் திரிபுராவின் வட முனையில் தர்மநகரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒற்றை மலைச்சாலை. மழையில் சரியும் சாலை.

அந்த ஒற்றைச் சாலை வழியாக மூன்று டிவிஷன்கள் சண்டை போடத் தேவையான அத்தனையும் போயாக வேண்டும். குண்டு, அரிசி, பருப்பு, பெட்ரோல், மருந்து, ரத்தம், பாலத்துக்கான படகு, குதிரை லாயத்துக்குப் புல் தவிர எல்லாமும். சாலையை அகலப்படுத்த வேண்டும். எல்லையோர ஊர்களில் ஆஸ்பத்திரிகள் எழ வேண்டும். அவ்வளவும் எதிரிக்குத் தெரியாமல், அகதிகளுக்கான நிவாரணச் சரக்கும் அதே சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே. ஜேக்கப்பும் அவருடைய ஸ்டாஃப் அதிகாரிகளும் இதற்கான வேலையை, டெல்லியிலிருந்து முறையான எழுத்துக் கட்டளை வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டார்கள். கட்டளைக்காகக் காத்திருந்தால் அக்டோபரில் லாரி ஏற்றத் தொடங்கி, டிசம்பரில் பாதி வழியில் நின்றிருப்பார்கள்.

ராணுவத்தில் இதற்கு வீரப் பதக்கம் கிடையாது. கிராமத்தில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்ட விடியற்காலை மண்வெட்டியோடு போகிறவனுக்கு யார் பதக்கம் கொடுத்தார்கள்? ஆனால் மேக்னாவின் கிழக்கே டிசம்பரில் படைகள் முன்னேறியதற்குப் பின்னால் அந்த மழைக்காலத்து லாரிகள் இருக்கின்றன.

*

இனி சர்ச்சைக்குரிய பகுதிக்கு வருகிறேன். ஆகஸ்ட்டில் டெல்லி ராணுவத் தலைமையகம் தயாரித்த திட்டத்தில் முக்கிய இலக்குகள் குல்னாவும் சிட்டகாங்கும். இரண்டும் துறைமுகங்கள். அவற்றைப் பிடித்தால் எதிரிக்கு வெளியிலிருந்து உதவி வராது, அகதிகளைத் திருப்பி அனுப்பக் கொஞ்சம் மண்ணும் கையில் வரும் என்பது கணக்கு. தலைநகர் டாக்கா அந்த இலக்குப் பட்டியலில் இல்லை. இது ஜேக்கப் ஒருவர் மட்டும் சொல்வதில்லை, பின்னால் ஆவணங்களைப் படித்த வரலாற்றாய்வாளர்களும் ஒப்புக்கொள்வது.

ஜேக்கப் அதை எதிர்த்தார். டாக்காதான் நாட்டின் இதயம், துறைமுகங்களைக் கடற்படை அடைத்துக்கொள்ளும், சிட்டகாங் ஓர் ஓரத்தில் கிடக்கிறது, அதைப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று வாதாடியதாக எழுதுகிறார். மானெக்‌ஷா ஏற்கவில்லை, அரோராவும் மேலிடத்துப் பக்கமே நின்றார் என்பது அவர் தரப்பு. அரோராவை நேசித்தவர்கள் இதை இன்றும் ஏற்பதில்லை. 1997-ல் ஜேக்கப் எழுதிய டாக்கா சரணடைவு பற்றிய நூலில் அரோராவுக்கு அவர் நியாயம் செய்யவில்லை என்பது அவர்கள் மனக்குறை. அந்த மனக்குறையில் உண்மை உண்டு என்றே எனக்கும் படுகிறது. ஆயுள் முழுக்க மற்றவர் கையெழுத்துக்குக் கீழே வேலை செய்த ஒருவர் முதுமையில் தன் பெயரில் எழுதும்போது, தராசுத் தட்டு கொஞ்சம் சாயத்தான் செய்யும். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. டாக்காவை நோக்கி நகரப் படைகளைத் தயார்நிலையில் வைத்த ஏற்பாடு காகிதத்தில் இருந்தது, களத்திலும் இருந்தது. அந்த ஏற்பாட்டின் நடுவில் ஜேக்கப் இருந்தார்.

அவர் திட்டத்தின் சாரம் எளிது. பாகிஸ்தானின் கிழக்குத் தளபதி ஜெனரல் நியாசி எல்லையோர நகரங்களைக் கோட்டைகளாக்கி, சாலைகளின் மீது படையைக் குவித்திருந்தார். அந்தக் கோட்டைகளோடு மல்லுக்கட்டாதே, சுற்றிக்கொண்டு போ, பின்னால் இருக்கும் தகவல் தொடர்பை அறு, டாக்காவுக்கு நட. படிக்கும்போது சுலபம். ஆனால் சாலையை விட்டு விலகி நடக்கிற படைக்குச் சோறும் குண்டும் எந்த வழியாகப் போகும்? அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவனால்தான் “சுற்றிக்கொண்டு போ” என்று சொல்ல முடியும். முக்தி பாஹினி இளைஞர்கள் இங்கே பேருதவி செய்தார்கள். எந்தத் திட்டில் மாட்டு வண்டி போகும், எந்தக் கால்வாயில் நாட்டுப் படகு கிடைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மாதக்கணக்கில் பாலங்களைத் தகர்த்து, எதிரியின் தூக்கத்தைக் கெடுத்தவர்களும் அவர்களே. வங்கதேச விடுதலையை இந்திய ராணுவத்தின் வெற்றியாக மட்டும் எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

டிசம்பர் 3 மாலை. இந்திரா காந்தி அன்று கல்கத்தாவில்தான் இருந்தார். மேற்கே இந்திய விமானத் தளங்களின் மீது பாகிஸ்தான் குண்டு போட்டது. போர் தொடங்கிவிட்டது.

எல்லாம் நூல் பிடித்தாற்போல் நடக்கவில்லை. மேற்கிலிருந்து போன 2-வது கோர், ஜெசூர் கோட்டையை டிசம்பர் 7-ல் அடைந்தபோது எதிரி காலிசெய்துவிட்டுப் போயிருந்தான். அங்கிருந்து டாக்காவை நோக்கி விரைவதற்குப் பதிலாக அதன் ஒரு டிவிஷன் குல்னா பக்கம் திரும்பிச் சிக்கிக்கொண்டது. வடமேற்கில் ஹில்லியில் எதிரி கடைசிவரை பிடிவாதமாகப் போரிட்டான், நம் பக்கத்தில் உயிர்ச்சேதம் கடுமை. எதிர்பார்த்த வேகம் எதிர்பாராத இரண்டு திசைகளிலிருந்து வந்தது.

ஒன்று, கிழக்கு. 4-வது கோர் தலைவர் சகத் சிங் மேக்னாவை எட்டினார். ஆசுகஞ்சில் இருந்த ரயில் பாலத்தைப் பாகிஸ்தான் படை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கியது. ஆறு கடக்கும் வாய்ப்பு போயிற்று என்று யாரும் நினைத்திருப்பார்கள். சகத் சிங், கையிலிருந்த சில எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் சிப்பாய்களை அடைத்து அக்கரைக்குக் கொண்டுபோய் இறக்கினார். இரவும் பகலும் அந்த ஹெலிகாப்டர்கள் ஆற்றைத் தாண்டித் தாண்டி வந்தன. களத்தில் ஒரு தளபதியின் துணிச்சல் என்ன செய்யும் என்பதற்கு அது உதாரணம், அந்தப் புகழ் முழுக்க சகத் சிங்குக்கும் விமானிகளுக்கும்தான்.

இன்னொன்று, வடக்கு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வருகிறது. மேகாலய மலையடிவாரத்திலிருந்து டாக்காவுக்கு இறங்கும் வழிதான் இருப்பதிலேயே குறுகிய தூரம், பெரிய ஆறுகளும் குறைவு. அந்தத் திசையில் இருந்தது 101 கம்யூனிகேஷன் ஜோன். பெயரே சொல்கிறது, அது சண்டைக்கான படைப்பிரிவே அல்ல. போக்குவரத்தும் சரக்கும் பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்ட நிர்வாக அமைப்பு. அதற்கு ஒரு பிரிகேடைக் கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். தலைவர் குர்பக்‌ஷ் சிங் கில் கண்ணிவெடியில் படுகாயமடைய, மேஜர் ஜெனரல் நாக்ரா பொறுப்பேற்றார். டிசம்பர் 11-ல் ஜமால்பூர் வீழ்ந்தது. அதே நாள் மாலை டாங்கைல் அருகே, பின்வாங்கும் எதிரியின் பாதையில், ஒரு பாராசூட் பட்டாலியன் வானத்திலிருந்து குதித்தது. குதிக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்து வைக்க ஒரு கேப்டன் ரகசியமாக அனுப்பப்பட்டிருந்தார். காதர் சித்திக்கியின் முக்தி பாஹினிப் படை அந்தச் சுற்றுவட்டாரத்தையே தன் கையில் வைத்திருந்தது. குதித்தவர்கள் ஒரு பட்டாலியன், ஆனால் வெளிநாட்டு வானொலிகளில் அது ஒரு முழு பிரிகேடாகப் பெருகி, ஐயாயிரம் பேர் என்று ஒலித்தது. டாக்காவில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்த நியாசியின் மனதில் அந்த எண் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒட்டுக்கேட்கும் பிரிவினரையும் இங்கே சொல்ல வேண்டும். எதிரியின் வயர்லெஸ் செய்திகளைப் பிடித்துப் படிக்கும் அவர்களும் ஸ்டாஃப் வேலையின் ஓர் அங்கம். டிசம்பர் 14 காலை, டாக்கா கவர்னர் மாளிகையில் உயர்மட்டக் கூட்டம் நடக்கப் போகிறது என்ற செய்தி சிக்கியது. சில மணி நேரத்தில் மிக்-21 விமானங்கள் அந்த மாளிகையின் கூரையைத் துளைத்தன. கவர்னர் மாலிக் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, செஞ்சிலுவைச் சங்கப் பாதுகாப்பில் இருந்த இன்டர்கான்டினென்டல் ஹோட்டலுக்குப் போய்விட்டார். கிழக்குப் பாகிஸ்தான் அரசு என்ற ஒன்று அந்தப் பகலோடு முடிந்தது.

கடலில் வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நின்றிருந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், போருக்கு முன்பே அந்தமான் பக்கம் மறைந்து, பிறகு சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் விமானங்களால் அடித்தது. அதைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிக் கிடந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர்.

*

ஐ.நா.வில் போர்நிறுத்தத் தீர்மானங்களைச் சோவியத் யூனியன் ரத்து அதிகாரத்தால் தடுத்துக்கொண்டிருந்தது. எத்தனை முறை தடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் ஏழாவது கடற்படைக் கப்பல்கள் வங்காள விரிகுடாவை நோக்கி வந்துகொண்டிருந்தன. டாக்கா வீழ்வதற்குள் போர்நிறுத்தம் வந்துவிட்டால், ஒரு கோடி அகதிகள் கூடாரத்திலேயே கிடக்க நேரும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

டிசம்பர் 16 காலை மானெக்‌ஷாவிடமிருந்து ஜேக்கப்புக்குப் போன் வந்தது: டாக்காவுக்குப் போ, இன்று மாலைக்குள் சரணடைய வை. எந்த நிபந்தனைகளின் பேரில் என்று விரிவான உத்தரவு எதுவும் இல்லை. சரணடைவு ஆவணத்துக்கு ஜேக்கப் ஏற்கெனவே ஒரு வரைவு எழுதி டெல்லிக்கு அனுப்பியிருந்தார். ஒப்புதல் வந்து சேரவில்லை. தன் வரைவையே எடுத்துக்கொண்டு, உளவுப் பிரிவு அதிகாரி கர்னல் கராவைக் கூட்டிக்கொண்டு ஹெலிகாப்டர் ஏறினார். வழியில் ஜெசூர், பிறகு தேஜ்காவ். அங்கேதான் பாகர் சித்திக்கி காத்திருந்தார்.

நியாசியின் அலுவலகத்தில் கரா அந்தத் தாளைப் படித்தார். அறை அமைதியானது. நியாசி, தான் போர்நிறுத்தத்துக்குத்தான் சம்மதித்ததாகவும் சரணடைவதாக யார் சொன்னது என்றும் கேட்டார். அங்கிருந்த இன்னொரு பாகிஸ்தான் அதிகாரி மேஜர் ஜெனரல் ராவ் ஃபர்மான் அலி, இந்திய-வங்கதேசக் கூட்டுப்படையிடம் சரணடைவது என்ற சொற்களை ஏற்க மறுத்தார். இந்தியாவிடம் என்றால் சரி, வங்கதேசத்திடம் என்பது கூடாது. ஜேக்கப் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் ஒரு நாட்டின் பிறப்பே இருந்தது.

அவர் தாளை மேசைமேல் வைத்தார். அரை மணி நேரம் தருகிறேன், சம்மதித்தால் உங்கள் சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் சிறுபான்மை மக்களுக்கும் பாதுகாப்புத் தருகிறோம், மறுத்தால் மேற்கொண்டு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அந்த அரை மணி நேரமும் வராந்தாவில் பைப் புகைத்துக்கொண்டு நடந்தாராம். தன் கையில் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லும் கணக்குப்படி டாக்காவில் நியாசியிடம் 26,400 பேர், நகரை நெருங்கியிருந்த இந்தியப் படை 3,000 பேர் மட்டுமே. நியாசி இன்னும் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க முடிவுசெய்திருந்தால் ஐ.நா. தீர்மானம் முந்திக்கொண்டிருக்கும். உள்ளே திரும்பிப் போய், ஏற்கிறீர்களா என்று மூன்று முறை கேட்டார். பதில் இல்லை. தாளை எடுத்து, ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். நியாசியின் கண்களில் நீர்.

பின்னாளில் நியாசி, ஜேக்கப் தன்னை மிரட்டிப் பணிய வைத்தார் என்று குற்றம் சாட்டினார். முக்தி பாஹினியிடம் ஒப்படைத்துவிடுவேன் என்று சொன்னாராம். ஜேக்கப் அதைக் கடைசிவரை மறுத்தார். மூடிய அறையில் நடந்ததை இருவரும் வேறுவேறாகச் சொல்கிறார்கள். ஆனால் படைபலத்தில் எட்டில் ஒரு பங்குகூட அருகில் இல்லாத ஒருவர், ஒரு ராணுவத்தை ஆயுதங்களைக் கீழே வைக்கச் செய்தார் என்பதில் இருவர் கதையும் ஒத்துப்போகிறது.

அதன்பின் நடந்ததெல்லாம் மறுபடி ஸ்டாஃப் வேலை. சரணடைவு மூடிய அறையில் நடக்கக் கூடாது, மக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று ஜேக்கப் பிடிவாதம் பிடித்தார். ரம்னா ரேஸ் கோர்ஸ் மைதானம் முடிவானது. மார்ச் 7 அன்று வங்காளிகளின் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் லட்சக்கணக்கான மக்கள் முன் முழங்கிய அதே மைதானம். ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள் வேண்டும். அணிவகுப்பு மரியாதைக்கு ஆட்கள் வேண்டும். கோபத்தில் கொதிக்கும் கூட்டத்திலிருந்து நியாசியின் உயிரைக் காக்க வேண்டும். அரோரா அகர்தலாவிலிருந்து ஹெலிகாப்டரில் வந்து சேர்ந்தார். மாலையில் அந்த மேசையில் நியாசி கையெழுத்திட்டார், அரோரா கையெழுத்திட்டார். உலகம் அறிந்த புகைப்படம் அப்போது எடுத்ததுதான். பின்வரிசையில் நிற்பவர்களில் கிருஷ்ணன் இருக்கிறார், விமானப்படையின் திவான் இருக்கிறார், சகத் சிங் இருக்கிறார், ஜேக்கப்பும் இருக்கிறார். அவர் கொண்டுவந்த தாளில் அவர் பெயர் எங்கும் இல்லை.

நியாசி தன் கைத்துப்பாக்கியைக் கழற்றி அரோராவிடம் கொடுத்தார். பிறகு அதை ஜேக்கப் கையில் வாங்கிப் பார்த்தார். குழலில் அழுக்கு அடைத்திருந்தது, கயிறு நைந்திருந்தது. ஒரு தளபதியின் ஆயுதம் இந்த லட்சணத்தில் இருக்காது, இது யாரோ ஒரு ராணுவப் போலீஸ்காரனுடையது என்று முடிவுக்கு வந்தார். கண்ணீரும் கோஷமும் நிறைந்த அந்த மாலையில் துப்பாக்கிக் குழலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார் பாருங்கள். அதுதான் அவர் பிழைப்பு.

மானெக்‌ஷா 1973 ஜனவரியில் ஃபீல்ட் மார்ஷல் ஆனார். அரோரா அதே ஆண்டு ஓய்வுபெற்றார், அவருக்குத் தகுந்த கௌரவம் தரப்படவில்லை என்ற வருத்தம் ராணுவத்தில் பலருக்கு உண்டு. ஜேக்கப் பின்னாளில் அதே ஈஸ்டர்ன் கமாண்டுக்குத் தலைவராகி 1978-ல் ஓய்வுபெற்றார். கோவாவுக்கும் பஞ்சாபுக்கும் கவர்னராக இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2016 ஜனவரி 13 அன்று டெல்லியில் காலமானார்.

ஆனால் 1971 டிசம்பர் 16 இரவு அவருக்கு இதெல்லாம் தெரியாது. ரேஸ் கோர்ஸில் கூட்டம் ஆடிப்பாடிக்கொண்டிருந்தது. வில்லியம் கோட்டையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சிப்பாய்களும் குடும்பத்தினரும் அலுவலர்களுமாகக் கைதிகள் 93,000 பேர். அவர்களுக்கு நாளைக் காலை யார் சோறு போடுவது, எந்தப் பாதையில் இந்தியாவுக்குக் கொண்டுவருவது? உடைந்த ரயில் பாலங்களை எந்த வரிசையில் சீர்செய்வது? சால்ட் லேக்கின் குழாய்களிலும் திரிபுராவின் கூடாரங்களிலும் இருப்பவர்கள் வீடு திரும்பக் கிளம்பிவிடுவார்களே, அவர்களுக்கு வண்டிக்கு எங்கே போவது? ஏழு மாதம் ஒரு திசையில் ஓடிய கணக்கை இப்போது எதிர்த்திசையில் போட வேண்டும். அகதிகள் ஊர் திரும்பினார்கள். 1972 மார்ச் 12 அன்று டாக்காவில் விடைபெறும் அணிவகுப்பு நடந்து, இந்திய ராணுவமும் திரும்பியது. கொண்டுபோன சாமான்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு ஸ்டாஃப் ஆபீசர் எல்லையில் நின்று, ஒவ்வொரு லாரியாக எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.